மூக்கை நம்பு மாப்ள! - கம்பம் ரோட்டில் ஒரு பெட்ரோல் வேட்டை

தேனி மாவட்டத்துல கண்ணைக் கட்டி விட்டாக்கூட எந்த ஊர்ல நிக்கிறோம்னு மூக்கு சொல்லிடும். போடிநாயக்கனூர் பஜார்னா ஏலக்காய். சின்னமனூர் தாண்டினா தண்ணி பாய்ஞ்ச வயல். கம்பம், சுருளிப்பட்டி பக்கம்னா பன்னீர் திராட்சை. மலை ஏறி குமுளியில இறங்கினா மிளகும் காபியும். நாலு வாசனையை வெச்சே ஒரு மாவட்டத்துக்கு மேப் போட்டுடலாம்!

நாங்க போனப்போ இந்த மேப்ல இல்லாத அஞ்சாவது வாசனை ஒண்ணு கூடவே வந்துச்சு. காருக்குள்ள பெட்ரோல். அது எங்கிருந்து வருதுனு தேனியில இருந்து குமுளி வரைக்கும் தேடிக்கிட்டே போன கதைதான் இது.

'அட, பெட்ரோல் கார்ல பெட்ரோல் வாசனை வராம பிரியாணி வாசனையா வரும்?'னு கேட்கிற ஆளா நீங்க? அப்போ கண்டிப்பா படிங்க பாஸ். உங்களுக்காகத்தான் எழுதுறேன்!

பின்சீட்டு பார்ட்டி

மொத்தம் நாலு பேர். மதுரையில இருந்து காலையிலேயே கிளம்பியாச்சு. வண்டி, நண்பனோட மாமா கொடுத்தது. பன்னிரண்டு வயசான சின்ன கார். கம்பெனி பேரு வேணாம், தெருவுக்கு ரெண்டு நிக்கிற ரகம்தான். பிளான் ரொம்ப சிம்பிள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, கம்பம், அப்படியே மலையேறி குமுளி, தேக்கடியில மத்தியான போட். அம்புட்டுத்தான்.

ஆண்டிபட்டி கணவாய்ல வளைஞ்சு வளைஞ்சு இறங்கினப்போ எல்லாரும் ஜோரா இருந்தோம். ஒரு பக்கம் மலை, தூரத்துல வரிசையா காத்தாலை. தேனிக்குள்ள நுழைஞ்சதும் டிபன், அப்புறம் டேங்க் ஃபுல். சில வருஷமாவே கேரளாவைவிட நம்ம பக்கம் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கம்மி. அதனால மலையேறப் போற எந்த வண்டியும் இந்தப் பக்கமே வயித்தை ரொப்பிக்கிட்டுத்தான் போகும். எங்க வண்டிக்கும் கழுத்து வரைக்கும்! பங்க்ல துப்பாக்கி தானா 'டக்'குனு நின்ன பிறகும், ரவுண்டு தொகை வரணும்னு நாலஞ்சு தடவை அழுத்தி ஊத்தினார் பங்க்காரர். (இந்த 'நாலஞ்சு தடவை'யை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வேலை இருக்கு.)

தேனியைத் தாண்டி பத்து நிமிஷம்கூட ஆகலை. பின்சீட்டு நண்பன் முகம் சுருங்கிப்போச்சு. "தலை வலிக்குதுடா. பெட்ரோல் நாத்தம் வருது"ன்னான்.

முன்சீட்டு ரெண்டு பேரும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஜம்முனு காத்து வாங்கிட்டு இருந்தாங்க. "எங்களுக்கு ஒண்ணும் வரலையே மாப்ள. உனக்கு வண்டி ஒத்துக்கலை. ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்க"னு தீர்ப்பு சொல்லியாச்சு. ஒவ்வொரு டூர்லயும் இப்படி ஒரு பின்சீட்டு பார்ட்டி இருக்கும். அவன் என்ன சொன்னாலும் 'வாந்தி கேஸ்'னு முத்திரை குத்திடுவோம், இல்லையா?

ஆனா ஒரு விஷயம் இடிச்சுது. கணவாய் வளைவுல ஒண்ணும் ஆகாதவனுக்கு, ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கிற கம்பம் ரோட்டுல எப்படித் தலை சுத்தும்? ரெண்டுக்கும் நடுவுல மாறின விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். டேங்க் ஃபுல்!

வீரபாண்டியில் ஒரு டெஸ்ட்

தேனியில இருந்து கொஞ்ச தூரத்துல வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழா நேரத்துல இந்த ரோட்டுல ஊசி போட்டா கீழ விழாது, அவ்வளவு கூட்டம். சாதாரண நாள்ல ஆத்துச் சலசலப்பும் அரச மரத்து நிழலும்தான். அங்கேதான் வண்டியை ஓரங்கட்டினோம். கண்ணாடியை எல்லாம் ஏத்திவிட்டு, கதவைச் சாத்திட்டு, ஆத்தோரம் காலாற நடந்துட்டு, கால் மணி நேரம் கழிச்சு வந்து கதவைத் திறந்தா...

'குப்'புனு அடிச்சுது! இந்த முறை நாலு பேருக்கும்.

இதுல ஒரு சின்ன சயின்ஸ் இருக்கு. ஒரே வாசனையில தொடர்ந்து உட்கார்ந்திருந்தா மூக்கு அதுக்குப் பழகிடும், கொஞ்ச நேரத்துல 'இல்லை'னு பொய் சொல்லும். வெளிய போய் நல்ல காத்து வாங்கிட்டு வந்தாத்தான் மறுபடி உண்மை பேசும். அதனால 'எனக்கு வரலையே'ங்கிறது சாட்சியே கிடையாது. வெளிய இருந்து புதுசா ஏறுறவன் சொல்றதுதான் சாட்சி!

இன்னொண்ணு. பெட்ரோல் விஷயத்துல மனுஷ மூக்கு செம ஷார்ப். காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மியா இருந்தாலே கண்டுபிடிச்சிடும். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கணும்னா, காத்துல நூத்துக்கு 1.4 பங்காவது சேர்ந்திருக்கணும். அந்தக் கணக்கைப் பார்த்தா, ஆபத்து வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மூக்கு மணி அடிச்சிடுது. நாமதான் எலுமிச்சம்பழத்தை வெச்சு அந்த மணியை அமுக்குறோம்!

ரோட்டு வாசனையா, வண்டி வாசனையா?

டிரைவர் நண்பனுக்கு போட் டிக்கெட் கவலை. "அது ரோட்டுல இருந்து வந்திருக்கும்டா, கிளம்பு"ன்னான். அவன் சொன்னதை ஒரேயடியா ஒதுக்கவும் முடியாது. சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினா ரெண்டு பக்கமும் வயல், தென்னை, வாழை, அப்புறம் திராட்சைப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்குல வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்துல திராட்சை அறுவடை நடக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. திராட்சைன்னா மருந்தடிப்பு. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர்ல பல மெஷின் பெட்ரோல்ல ஓடுறது. காத்தோட அந்த வாசனையும் ரோட்டுக்கு வரும்.

அதே காரணத்துக்காக இங்க பல கார் டிக்கியில பெட்ரோல் கேன் இருக்கும். மூடி கொஞ்சம் லூசா இருந்தா போதும், காரே மணக்கும். எங்க டிக்கியைத் திறந்து பார்த்தோம். ஸ்டெப்னி, ஜாக்கி, மாமா மறந்துபோன ஒரு குடை. கேன் இல்லை. மேட்டைத் தூக்கி மோந்தோம். சிந்தின ஈரமும் இல்லை.

அடுத்தது காத்து டெஸ்ட். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவுல நீளமா கிடக்கிற பள்ளத்தாக்கு இது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, இந்த ஊர்க்காரங்க 'எந்த அம்மி?'னு கேட்பாங்க. அந்தக் காத்தையே வேலைக்கு வெச்சோம். காத்து வர்ற திசையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, காருக்கு முன்னாடி நின்னு மோந்தா ஒண்ணுமில்லை. பின்னாடி, வலது பக்க சக்கரம் கிட்ட நின்னா லேசா வருது. ரோடு நிரபராதி. குற்றவாளி வண்டியோட பின்பக்கத்துல!

அதோட ஏசியை அணைச்சோம். மொபைல் சார்ஜரைக்கூடப் பிடுங்கினோம். நாலு கண்ணாடியும் இறக்கி, பின்சீட்டு நண்பனை முன்னாடி மாத்தி, மெதுவா கம்பத்துக்கு ஓட்டினோம். சொட்டுச் சொட்டா ஒழுகியிருந்தா ஓட்டியே இருக்கக்கூடாது. அங்கேயே நிறுத்திட்டு மெக்கானிக்கைத்தான் வரவழைச்சிருக்கணும். கீழ குனிஞ்சு பார்த்தப்போ தரை காய்ஞ்சிருந்துச்சு. அந்தத் தைரியம்தான்.

ஜீப் ஊர் டாக்டர்

கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி... இந்த ஊர்கள்ல விடியக்காலையில போய் நின்னு பாருங்க. வரிசையா ஜீப். ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்குப் போற ஜனங்க, தூக்குச்சட்டியோட நெருக்கியடிச்சு உட்கார்ந்திருப்பாங்க. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுனு மூணு மலைப்பாதையிலயும் தினமும் ஏறி இறங்குற வண்டிங்க. போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. அந்த ஜீப்புங்களைப் பார்த்துப் பார்த்துக் கைப்பழகின மெக்கானிக்குகள் இருக்கிற பூமி இது. இங்க பிரேக், கிளட்ச்சை எல்லாம் நாடி பிடிச்சுச் சொல்லிடுவாங்க.

கம்பத்துல நாங்க போன பட்டறையிலயும் மூணு ஜீப் நின்னுச்சு. மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதல்ல கேள்விதான்.

"எப்பத் தம்பி வருது? வண்டி ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?"

"ரெண்டுலயும்ணே. நிக்கிறப்போ ஜாஸ்தி."

"காலையில ஸ்டார்ட் பண்றப்ப?"

"இல்லைண்ணே. மதுரையில இருந்து தேனி வரைக்கும் ஒண்ணுமே இல்லை."

"தேனியில என்ன செஞ்சீக?"

"டேங்க் ஃபுல் பண்ணோம்."

"முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. வலது பக்கம்."

அண்ணன் சிரிச்சார். "பாதி வேலை முடிஞ்சுபோச்சு. பெட்ரோல் வாசனைன்னா எங்க வருதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, எப்ப வருதுன்னு தேடணும்."

அவர் கேள்வி எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்றப்போ மட்டும் வந்து கொஞ்ச நேரத்துல போயிட்டா, எஞ்சின் குளிர்ல கொஞ்சம் அதிகமா பெட்ரோல் குடிச்சிருக்கும், இல்லைனா இன்ஜெக்டர் பக்கம் ரப்பர் வளையம் சுருங்கியிருக்கும். ஓட்டி நிறுத்தின பிறகு பானெட்ல இருந்து வந்தா எஞ்சின் பக்கத்து ஓஸ். முக்கும்போதும் திணறும்போதும் வந்தா மிக்ஸிங் கோளாறு. டேங்க் ஃபுல்லா இருக்கிறப்போ மட்டும் வந்தா, டேங்க்கோட மேல் பாதியில எங்கேயோ ஓட்டை. பாதி டேங்க்ல பெட்ரோல் அந்த மட்டத்தை எட்டாது. அதனாலதான் மதுரையில இருந்து வந்த வரைக்கும் சமாச்சாரமே தெரியலை!

அம்பாசிடர் காலத்துல இந்தத் துப்பறியும் வேலையே கிடையாது. கார்புரேட்டர்ல மிதவை மாட்டிக்கிட்டா பெட்ரோல் பொங்கி வழியும், தெருவே மணக்கும், டிரைவர் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால ரெண்டு தட்டு தட்டுவார், சரியாயிடும். இப்போ இருக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டியில பெட்ரோல் அழுத்தத்தோட ஓடுது, எல்லாமே மூடின சிஸ்டம். டேங்க்ல எழும்புற ஆவியைக்கூட வெளிய விடாம, கரி நிரப்பின ஒரு டப்பா பிடிச்சு வெச்சு, எஞ்சின் ஓடுறப்போ அதுக்கே ஊட்டி எரிச்சிடுது. நல்லா இருக்கிற வண்டியில வாசனை வரவே கூடாது. வந்தா, எங்கேயோ மூடினது திறந்திருக்குனு அர்த்தம்.

பள்ளத்துல ஏத்த மாட்டேன்!

பட்டறையில சர்வீஸ் பார்க்கிற பள்ளம் இருந்துச்சு. "அதுல ஏத்திப் பார்த்தா ஈசியா இருக்குமேண்ணே"ன்னான் டிரைவர் நண்பன்.

"ஆகாது தம்பி. பெட்ரோல் ஆவி மேல போகாது. கீழ இறங்கும். பள்ளத்துல போய்த் தேங்கி நிக்கும். அதுல நான் இறங்கி, ஒரு பொறி பறந்துச்சுன்னா?"

பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். மார்கழிப் பனி இந்தப் பள்ளத்தாக்குல இறங்கித் தங்குற மாதிரியே அதுவும் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். அதோட, சுமார் மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற திரவம் அது. கம்பத்து மத்தியான வெயில்ல கேட்கணுமா?

அண்ணன் வண்டியை வெட்டவெளியில நிறுத்தச் சொன்னார். பேட்டரி ஒயரைக் கழட்டினார். எதிர்ல பீடியோட வந்த பெரியவரை ஒரே சத்தத்துல அந்தாண்ட அனுப்பினார். பக்கத்துல தீயணைப்பு சிலிண்டரும் ஒரு வாளி மணலும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் தேடுதல் வேட்டை ஆரம்பம்!

சந்தேக நபர் நம்பர் 1: டேங்க் மூடி. உள்ள இருக்கிற ரப்பர் வளையம் வெடிச்சிருந்தா ஆவி கசியும். மூடி கழண்டப்போ 'உஸ்'னு சத்தம் வந்துச்சு. காத்தைப் பிடிச்சு வெச்சிருக்குனு அர்த்தம். வளையம் நல்லாவே இருந்துச்சு. விடுதலை!

நம்பர் 2: பெட்ரோல் பம்ப். நிறைய கார்ல இது பின்சீட்டுக்கு அடியில, டேங்க் தலையில உட்கார்ந்திருக்கும். சீட்டைத் தூக்கி தகட்டைத் திறந்தார். சுத்தி வர காய்ஞ்ச தூசி. கசிவு இருந்தா தூசி நனைஞ்சு கறுப்பா அப்பியிருக்கும். இதுவும் விடுதலை.

நம்பர் 3: கரி டப்பா. தேனி பங்க்ல நடந்த அந்த 'நாலஞ்சு தடவை' ஞாபகம் இருக்கா? துப்பாக்கி தானா நின்ன பிறகும் ஊத்தினா, ஆவி போகவேண்டிய வழியில பெட்ரோலே போய் கரியை ஊற வெச்சிடும். அப்புறம் நாள் கணக்குல மணக்கும். டப்பாவை மோந்து பார்த்த அண்ணன், "லேசா இருக்கு. ஆனா ஆளு இவன் இல்ல"ன்னார்.

நம்பர் 4: வலது பின்சக்கரத்துக்கு மேல, பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னாடி. அங்கதான் பெட்ரோல் ஊத்துற வாயில இருந்து டேங்க்குக்கு ஒரு பெரிய ஓஸ், அதுக்குப் பக்கத்துலயே காத்து வெளியேற ஒரு சின்ன ஓஸ். சக்கரத்தைக் கழட்டி தடுப்பை எடுத்ததும் சேறு, தூசி, துரு. எது நனைஞ்சிருக்குனு கண்ணுக்குத் தெரியலை.

அண்ணன் உள்ள போய் ஒரு டப்பா எடுத்துட்டு வந்தார். முகத்துக்குப் போடுற பவுடர்! ஓஸ் ரெண்டையும் துடைச்சிட்டு, கிளாம்ப் இருக்கிற இடத்துல எல்லாம் பவுடரைத் தூவினார். "இப்ப வண்டியைப் புடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுங்க" என்றார். ஆட்டினோம். காத்திருந்தோம்.

ரெண்டு நிமிஷம். சின்ன ஓஸ், டேங்க்கோட சேர்ற இடத்துல, வெள்ளைப் பவுடர் மேல ஒரு கோடு மெதுவா கறுத்துச்சு. கல்யாண வீட்டுல மை வெச்ச மாதிரி!

"இந்தா இருக்கான்ல!"

கிளாம்ப் துருப்பிடிச்சு இத்துப்போயிருந்துச்சு. அதுக்கு அடியில ரப்பர் யானைத்தோல் மாதிரி வெடிச்சுக் கிடந்துச்சு. விரல் நீளம்கூட இல்லாத ஓஸ். அதுக்கு நேர் மேலதான் எங்க பின்சீட்டு நண்பன் உட்கார்ந்திருந்தான். காலையில இருந்து அவன் சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை!

கிடைச்சதை மாட்டக் கூடாது

"இப்போதைக்கு ஒரு டியூபைக் கிழிச்சுச் சுத்தி விட்டுட்டா குமுளி போயிரலாம்லண்ணே?" இது டிரைவர் நண்பன். போட் டிக்கெட் இன்னும் மனசுல இருந்து இறங்கலை.

அண்ணன் சொன்ன பதில்தான் இந்த ட்ரிப்போட ஹைலைட். "தம்பி, இங்க இருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ரோடு படுத்திருக்கு. அங்கிட்டு எந்திரிச்சு நிக்குது. டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பூராம் பின்னாடி சாயும். இப்ப ஆவியா வர்றது அப்ப தண்ணியா வரும். கீழ சைலன்சர் கொதிக்கும். போட் நாளைக்கும் ஓடும்."

யாரும் வாயைத் திறக்கலை. போட் டிக்கெட்டுக்கு அங்கேயே கும்பிடு போட்டாச்சு.

இந்த ரோட்டுல மட்டும் ஏன் இது கூடுதல் விஷயம்னு அப்போதான் புரிஞ்சுது. விலைக்காக எல்லாரும் மலையடிவாரத்துல கழுத்து வரைக்கும் ஊத்துறாங்க. அடுத்த சில நிமிஷத்துல வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு, சுமார் அரை கிலோமீட்டர் உயரம் ஏறுது. உயரம் கூடக்கூட காத்தழுத்தம் குறையும், டேங்க்ல இருக்கிற ஆவி உப்பும். பூமிக்கடியில சில்லுனு இருந்த பெட்ரோல், வெயில்ல நிக்கிற கார்ல 20 டிகிரி சூடேறினா, 35 லிட்டருக்கு அரை லிட்டருக்கு மேல விரியும். அந்த விரிசலுக்கு இடம் விட்டுத்தான் பங்க் துப்பாக்கி தானா நிக்குது. நாம ரவுண்டு தொகைக்காக அந்த இடத்தையும் ரொப்புறோம்!

இது ஏதோ பழைய வண்டிக்கு மட்டும் வர்ற வியாதினு நினைக்காதீங்க. 2010-ல மாருதி சுஸுகி சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைச்சது, பெட்ரோல் பம்ப் பக்கத்து கேஸ்கட்டை மாத்தத்தான். 2014-ல எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர்னு மொத்தம் 1,03,311 கார். பெட்ரோல் ஊத்துற கழுத்துப் பகுதியில குறை, தானா நிக்கிற அளவைத் தாண்டி ஊத்தினா வாசனை வரலாம்னு கம்பெனியே சொன்னது. ரெண்டு தடவையும் காசு வாங்காம மாத்திக் கொடுத்தாங்க. புது வண்டியில வாசனை வந்தா முதல்ல ஷோரூம்ல 'ரீகால் இருக்கா?'னு கேளுங்க.

பழைய வண்டிக்காரங்களுக்கு இன்னொரு விஷயம். இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். சில பழைய வண்டிகள்ல 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடின பிறகு சில ரப்பர் பாகம், கேஸ்கட்டை மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. சர்வீஸ் விடுறப்போ, 'அண்ணே, பெட்ரோல் ஓஸையும் ஒரு கை பாருங்க'னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

அண்ணன் கைப் பம்ப் வெச்சு கொஞ்சம் பெட்ரோலை இரும்பு கேன்ல எடுத்தார். ("வாயில உறிஞ்சுறதெல்லாம் சினிமாவுல. நுரையீரலுக்குப் போனா ஆளே காலி.") தண்ணி ஓஸ், காத்து ஓஸ் எதையும் மாட்டலை. பெட்ரோலுக்குன்னே வர்ற ஓஸை வாங்கிட்டு வரச் சொல்லி, அளந்து வெட்டி, ரெண்டு பக்கமும் புது கிளாம்ப் போட்டார். மறுபடி பவுடர். மறுபடி ஆட்டல். பவுடர் வெள்ளையாவே இருந்துச்சு!

சாமான் செலவு, நாலு பேர் பிரியாணி சாப்பிடுறதைவிடக் கம்மி.

அப்புறம்தான் மலை

சாயங்கால வெயில்ல கூடலூர் தாண்டி லோயர் கேம்ப். பென்னிகுக் மணிமண்டபம் இங்கதான் இருக்கு. 2013-ல திறந்தது. 1895-ல முடிஞ்ச பெரியாறு அணையோட தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து, ராட்சசக் குழாய்கள்ல இறங்கி, லோயர் கேம்ப்ல மின்சாரம் ஆகி, முல்லையாறா ஓடி, வழி நெடுக வயலுக்குப் பாய்ஞ்சு, வைகை அணைக்குப் போகுது. காலையில வீரபாண்டியில நாங்க கால் நனைச்ச அதே தண்ணி!

மலைச்சரிவுல இறங்குற அந்தக் குழாய்களைப் பார்த்துக்கிட்டே ஏறினோம். ஒவ்வொரு வளைவுலயும் பின்சீட்டு நண்பன் மூக்கைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். காலையில வாந்தி கேஸ், சாயங்காலம் தலைமை விஞ்ஞானி! பாதி மலையில ஓரமா இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி, காத்து வாங்கி, மறுபடி ஏறிப் பார்த்தோம்.

"ஒண்ணும் இல்லைடா" என்றான். கொஞ்சம் கழிச்சு, "காட்டு வாசனை மட்டும்தான் வருது."

குமுளியில இறங்கினப்போ இருட்டிடுச்சு. தேக்கடி போட் எல்லாம் கரைக்கு வந்திருச்சு. கடைத்தெருவுல மட்டும் ஏலக்காயும் மிளகும் மணத்துச்சு. நாலு மூக்குக்கும் ஒழுங்கா!

மூக்கு கையேடு - கட் பண்ணி டேஷ்போர்டுல வெச்சுக்கங்க!

* வாசனை வந்தா முதல்ல சிகரெட், லைட்டர் கட். கண்ணாடியை இறக்கி, பாதுகாப்பான இடத்துல நிறுத்தி, எல்லாரும் இறங்குங்க.

* தரையில சொட்டு விழுந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. வண்டி மெக்கானிக்கைத் தேடிப் போகக் கூடாது, மெக்கானிக்தான் வண்டியைத் தேடி வரணும்.

* கால் மணி நேரம் வெளிய நின்னுட்டு வந்து மோந்து பாருங்க. உள்ளேயே உட்கார்ந்த மூக்கை நம்பாதீங்க.

* எப்ப வருது? காலையிலயா, ஓட்டி நிறுத்தினதுமா, டேங்க் ஃபுல்லுலயா, ஏத்தத்துலயா? எழுதி வெச்சு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. பாதி கூலி மிச்சம்.

* டிக்கியில கேன், சிந்தின துணி, செருப்புல ஒட்டின பெட்ரோல்... இதை எல்லாம் முதல்ல பாருங்க.

* பங்க்ல துப்பாக்கி தானா நின்னா அத்தோட நிறுத்திடுங்க. மலையேறப் போறீங்கன்னா கண்டிப்பா!

* வாசனையை மறைக்க சென்ட் பாட்டில் தொங்க விடாதீங்க. பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. அது புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான ரசாயனம். தினமும் அதை மோந்துக்கிட்டு வண்டி ஓட்ட வேணாம்.

* கடைசியா, ரொம்ப முக்கியமா... பின்சீட்டுல இருந்து ஒருத்தன் 'நாத்தம் வருதுடா'ன்னா, எலுமிச்சம்பழத்தைத் தேடாதீங்க. வண்டியை ஓரங்கட்டுங்க!